மாமாவோட கார் கதவும் பதினாலு டீலரும்: வண்டிப் பதிவு விவரம் யார் கைக்குப் போகலாம்?

தீபாவளிக்கு முந்தின வாரம் காலைல ஏழு மணிக்கு மாமா போன் பண்ணாரு. சிங்கப்பூர்ல யீஷூன்ல அவங்க புளோக்குக்கு எதுத்தாப்புல இருக்கிற மாடி கார்பார்க்ல முந்தின ராத்திரி காரை விட்டுட்டு தூங்கப் போயிருக்காரு, காலைல வந்து பாத்தா டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளாற போயி கெடக்கு, பக்கத்துல யாரும் இல்ல, கண்ணாடில துண்டுச்சீட்டு கூட இல்ல. எனக்கு ஏன் முதல் போன்னா நான் காக்கி புக்கிட் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்ல ஆறு வருஷம் இன்ஷூரன்ஸ் கிளைம் டெஸ்க்ல உக்காந்தவன், வேலைய விட்டு பல வருஷம் ஆச்சு, ஆனா சொந்தக்காரங்களுக்கு நான் இன்னும் ஓசி கிளைம் டெஸ்க்தான்.

மாமா கார்ல கேமரா இருக்கு, பார்க்கிங் மோட்லயும் ஓடும். வெள்ளை வேன் ஒண்ணு ரிவர்ஸ் எடுக்குது, டங்குனு ஒரு ஆட்டம், ரெண்டு செகண்ட் நிக்குது, அப்புறம் போயே போச்சு. நம்பர் பிளேட் தெரியுது. மாமாவோட கோரிக்கை ரொம்ப சிம்பிள்.

“டேய் மாப்ள, நம்பர் கைல இருக்கு. எல்டிஏ கிட்ட கேட்டு வீட்டு அட்ரஸ் மட்டும் வாங்கிக் குடு. நான் நேர்ல போய் மரியாதையா பேசிக்கிறேன்.”

எல்டிஏன்னா நம்ம ஊரு தரைப் போக்குவரத்து ஆணையம், வண்டிப் பதிவேடு அவங்க கைலதான். மாமா ‘மரியாதையா பேசுறது’ எப்பிடி இருக்கும்னு குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், அதனால நான் உடனே பதில் சொல்லல.

இதுல இன்னொரு விஷயம் என்னன்னா, அதே வாரத்துலதான் அவருக்கு தெரியாத நம்பர்லருந்து போன் மேல போன். காருக்கு சிஓஇ, அதாவது வண்டி வெச்சிருக்கிறதுக்கான உரிமைச் சான்றிதழ், முடிய அஞ்சு மாசம்தான் இருந்துச்சு. “அங்கிள், சிஓஇ முடியப்போகுதுல்ல, ஸ்கிராப் பண்றீங்களா ரினியூ பண்றீங்களா, நல்ல விலை தரேன்”னு ஒருத்தன், அவன் போன வெச்சா அடுத்தவன். மாமா கொதிச்சுட்டாரு. “என் கார இடிச்சவன் யாருன்னு எனக்கு சொல்ல மாட்டாங்களாம், ஆனா என் சிஓஇ எப்ப முடியுதுன்னு ஊருக்கே தெரியுமாம், இது என்னடா நியாயம்?”

நல்ல கேள்வி, இதுக்கு நான் ரெண்டு மாசம் அலைஞ்சு கண்டுபிடிச்சதைத்தான் இங்க எழுதுறேன். நம்ம ஊருல சுமாரா 10 லட்சம் வண்டி ஓடுது, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ஓனர் பேரும் அட்ரஸும் இருக்கு, அதை யார் எதுக்குக் கேக்கலாம்ங்கிறதுதான் விஷயம்.

மொதல்ல நம்பர். கேமரால மூணாவது இலக்கம் 3ஆ 8ஆன்னு தெரியல, லைட் அடிச்சு மங்கலா இருந்துச்சு. கடைசி எழுத்து மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு, அது போதும். நம்ம ஊரு பிளேட்ல கடைசில வர்ற எழுத்து சும்மா அழகுக்கு இல்ல, அது செக் எழுத்து. முன்னாடி இருக்கிற எழுத்துல கடைசி ரெண்டையும் எண்ணா மாத்தி (ஏ=1, பி=2), நாலு இலக்கத்தையும் சேத்து, 9, 4, 5, 4, 3, 2 ஆல வரிசையா பெருக்கி கூட்டி, 19ஆல வகுத்தா வர்ற மீதிதான் எந்த எழுத்துன்னு முடிவு பண்ணும். 19 பகா எண்ங்கிறதால ஒரே ஒரு இலக்கத்த தப்பா படிச்சாலும் எழுத்து மாறிடும். எஸ்பிஎஸ் 3229 போட்டுப் பாருங்க, கூட்டினா 141, மீதி 8, அதுக்கு எழுத்து ‘பி’, கரெக்டா வரும். மாமா வீட்டு சாப்பாட்டு மேசைல கால்குலேட்டர் தட்டினேன், 8தான்னு வந்துச்சு. மாமாவுக்கு அன்னிக்கு என்மேல வந்த மரியாதை கல்யாணத்துல கூட வந்ததில்ல.

இது ஏன் முக்கியம்னா, தப்பான நம்பர வெச்சு தேடினா சம்பந்தமே இல்லாத யாரோ ஒருத்தர் மாட்டுவாரு. அட்ரஸ் கொடுக்கிற முறை இருந்திருந்தா, மாமா தப்பு நம்பரோட வேற யார் வீட்டு வாசல்லயோ போய் நின்னிருப்பாரு.

சரி, நம்பர் இருந்தா என்னதான் கிடைக்கும்? எல்டிஏவோட ஒன்மோட்டரிங் வெப்சைட்ல வெறும் வண்டி நம்பர மட்டும் போட்டா ரோடு டேக்ஸ் எப்ப முடியுதுன்னு யாரு வேணாலும் பாக்கலாம், லாகின் கூட வேணாம். அதுல பேரும் இல்ல அட்ரஸும் இல்ல. அடுத்த படி, விபத்து தேதியும் வண்டி நம்பரும் கொடுத்து சின்னதா ஒரு கட்டணம் கட்டினா, அந்த நாள்ல அந்த வண்டிக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனின்னு பதில் வரும். கிளைம் டெஸ்க்ல நான் தினம் செஞ்ச வேலையே இதான். மூணாவது, அடிச்சிட்டு ஓடின கேஸ்ல போலீஸ் ஓனர கூப்பிட்டு ‘அன்னிக்கு யாரு ஓட்டினா’ன்னு கேக்கலாம், ஓனர் சொல்லியே ஆகணும், ரோடு டிராஃபிக் சட்டத்துல 81ஆவது பிரிவு அப்பிடித்தான் சொல்லுது. ஆனா அந்தக் கடமை போலீஸுக்கு பதில் சொல்றதுக்கு, எங்க மாமாவுக்கு பதில் சொல்றதுக்கு இல்ல.

மாமாவுக்கு இது புடிக்கல. “இன்ஷூரன்ஸ் பேரு எனக்கு எதுக்கு, ஆளு பேரு வேணும்.” நான் கேட்டேன், “மாமா உங்களுக்கு கதவு சரியாகணுமா, இல்ல அவன் மூஞ்சியப் பாக்கணுமா?” கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அத்தைதான் உள்ளேருந்து “கதவு”ன்னு சத்தம் போட்டாங்க.

மாமாவோட சொந்த இன்ஷூரன்ஸ்ல அன்னிக்கே ரிப்போர்ட் பண்ணோம். 2008 ஜூன்லருந்து இருக்கிற மோட்டார் கிளைம் விதிப்படி சின்ன இடியா இருந்தாலும் 24 மணி நேரத்துல, இல்லாட்டி அடுத்த வேலை நாள்ல சொல்லிடணும், சொல்லலன்னா என்சிடி (கிளைம் இல்லாத வருஷங்களுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) போகலாம். மாமா அஞ்சு வருஷத்துக்கு மேல சேத்து வெச்ச 50 சதவீதம், அது உயிர் மாதிரி. அந்த விதி வந்ததுக்கே ஒரு காரணம் இருக்கு, விபத்து நடந்த இடத்துல இழுவை லாரிக்காரன் முதல்ல வந்து நின்னு, அவனுக்குத் தெரிஞ்ச வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போயி, பில்லை ஊதிப் பெருசாக்குற பழக்கம். யாருக்கு விபத்து நடந்துச்சுங்கிற தகவலே காசுங்கிறத அந்தத் தொழில்ல இருந்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

அப்புறம் வேன் பக்கத்து இன்ஷூரன்ஸுக்கு தேர்ட் பார்ட்டி கிளைம் போச்சு, வீடியோவோட. மூணு வாரம் கழிச்சு தெரிஞ்சுது, அது வாடகை வேன். பதிவுல இருக்கிற ஓனர் ஒரு லீசிங் கம்பெனி, அன்னிக்கு ராத்திரி ஓட்டினது வேற யாரோ. அதாவது மாமா கேட்ட மாதிரியே அட்ரஸ் கிடைச்சிருந்தா, அவரு போய் கதவத் தட்டியிருக்கிறது ஒரு ஆபீஸோட கண்ணாடிக் கதவு, உள்ள இருக்கிற ரிசப்ஷன் பொண்ணுதான் மரியாதையான பேச்சு வாங்கியிருக்கும். பதிவேட்டுல இருக்கிறது யாரு பேர்ல வண்டி இருக்குங்கிறது மட்டும்தான், யாரு ஓட்டினாங்கிறது இல்ல. நடுவுல ஒரு நாள் வீடியோவ நம்பரோட பேஸ்புக்ல போட்டுடறேன்னும் கெளம்புனாரு, யாருன்னு கண்டுபிடிச்சு துன்புறுத்தற நோக்கத்துல ஆள் விவரத்தப் போட்டா 2020லருந்து அது தனிக் குற்றம், நீங்க போலீஸ்ல பதில் சொல்ற மாதிரி ஆகும்னு சொல்லி நிறுத்தினேன். கதவு சரியாச்சு, காசு வேன் பக்கத்து இன்ஷூரன்ஸ் கொடுத்துச்சு, மாமா என்சிடிக்கு ஒண்ணும் ஆகல.

அட்ரஸ ஏன் கொடுக்கக்கூடாதுன்னு மாமா அப்புறமும் கேட்டுட்டே இருந்தாரு, அதுக்கு நான் சொன்ன கதை கலிஃபோர்னியாவுல நடந்தது. 1989ல ரெபெக்கா ஷேஃபர்ங்கிற இளம் நடிகைய ஒரு வெறி புடிச்ச ரசிகன் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னான், அட்ரஸ் அவனுக்கு எப்பிடி கிடைச்சுதுன்னா ஒரு தனியார் துப்பறியும் ஆளு வழியா அங்க இருக்கிற வாகனத் துறைலருந்து. சட்டப்படியே, காசு கட்டி. அதுக்கப்புறம்தான் 1994ல அமெரிக்கா முழுக்க ஓட்டுனர் விவரத்துக்கு தனிச் சட்டம் வந்துச்சு, இன்ஷூரன்ஸ், ரீகால் (கோளாறு இருக்கிற காரை கம்பெனி திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது), இழுத்துட்டுப் போன வண்டி ஓனருக்கு தகவல் சொல்றதுன்னு குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும் திறந்து வெச்சாங்க. நம்ம ஊருல நடிகை எல்லாம் தேவையே இல்ல, கடன் வசூல் பண்றவன் சுவத்துல எழுதி பெயின்ட் ஊத்திட்டுப் போற புளோக்குகள நாம பாத்ததில்லயா, அவன் கைல வண்டி நம்பர போட்டா வீட்டு நம்பர் வர்ற மெஷின குடுத்தா எப்பிடி இருக்கும்?

ஆனா ‘குறிப்பிட்ட காரணம்’ங்கிறதும் சுலபமான வேலை இல்ல. ஹாங்காங்ல பாவ் சோய்ங்கிற பத்திரிகையாளர் 2019ல யுவென் லாங் ரயில் நிலையத்துல ஒரு கும்பல் பொதுமக்கள அடிச்ச தாக்குதல்ல சம்பந்தப்பட்ட வண்டிகளோட ஓனர் யாருன்னு பதிவேட்டுல தேடினாங்க. படிவத்துல ‘எதுக்குத் தேடுறீங்க’ன்னு கொடுத்திருந்த சில வாய்ப்புல பத்திரிகைன்னு ஒண்ணே இல்ல, போக்குவரத்து சம்பந்தமானதுன்னு இருந்தத தேர்ந்தெடுத்தாங்க, பொய் சொன்னதா 2021ல 6,000 ஹாங்காங் டாலர் அபராதம். 2023 ஜூன்ல அங்க உச்ச அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணிடுச்சு. என்னோட பார்வை என்னன்னா, காரணம் கேக்குற பெட்டிய சரியா வடிவமைக்கலன்னா நேர்மையா கேக்குறவன் மாட்டுவான், பொய்யன் ஒரு டிக் போட்டுட்டு போயிடுவான்.

இந்தியாக்காரங்க இன்னொரு கோடிக்குப் போனாங்க. வண்டிகளுக்கு வாகன், ஓட்டுனர்களுக்கு சாரதின்னு ரெண்டு பெரிய டேட்டாபேஸ், 2019ல மொத்தமா டேட்டாவ விக்கிறதுக்கே ஒரு கொள்கை போட்டாங்க, கம்பெனிக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய், கல்வி நிறுவனத்துக்கு 5 லட்சம். 87 தனியாருக்கும் 32 அரசு அமைப்புக்கும் அனுமதி கொடுத்ததா, 65 கோடி ரூபா வந்ததா அந்த வருஷம் ஜூலைல நாடாளுமன்றத்துல அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னாரு. பேர நீக்கிட்டுதான் கொடுப்போம்னாங்க, ஆனா வண்டி விவரத்த இன்னொரு பட்டியலோட ஒட்டிப் பாத்தா ஆளு யாருன்னு கண்டுபிடிக்க முடியும்ங்கிற கவலைய அந்தக் கொள்கையே எழுதி வெச்சிருந்துச்சு. 2020 ஜூன்ல கொள்கையத் தூக்கிட்டாங்க. தூக்கினது சரி, வாங்கினவன் கைல ஏற்கனவே இருக்கிற நகல யாரு தூக்குறது?

பிரிட்டன் பத்தி ஒரே வரி, அங்க தனியார் பார்க்கிங் கம்பெனி ஒரு ஓனர் விவரத்துக்கு 2.50 பவுண்டு கட்டி வாங்குது, அபராதச் சீட்டு அனுப்புறதுக்கு. எனக்கு அது புடிக்கல.

இப்ப மாமாவோட ரெண்டாவது புகாருக்கு வரேன், எனக்கு உண்மையா ஆர்வம் வந்தது இதுலதான். டீலர்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? மாமாவோட முடிவு, “எல்டிஏ வித்துட்டான்.” நான் அத நம்பல. அரசாங்க அமைப்புகளுக்கு தனிநபர் தரவுச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்லி நம்மாளுங்க பயமுறுத்துவாங்க, அது உண்மைதான், 2012 சட்டம் தனியாருக்கு, அரசாங்கத்துக்கு 2018ல வந்த தனிச் சட்டம் இருக்கு, அதுல அனுமதியில்லாம விவரத்த வெளிய விடுற அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் இல்லாட்டி 2 வருஷம் வரை ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அத்தனை ரிஸ்க் எடுத்து ஒருத்தன் எங்க மாமாவோட பத்து வருஷத்து ஜப்பான் கார் விவரத்த விப்பானா?

பாதி விஷயம் பதிவேடு இல்லாமலே தெரியும். பிளேட் எழுத்து வரிசையாத்தான் வருது, தொழில்ல இருக்கிறவன் எழுத்தப் பாத்தாலே எந்த வருஷத்து வண்டின்னு சொல்லிடுவான், சிஓஇ 10 வருஷம், கூட்டிக்க வேண்டியதுதான் (பழைய நம்பர தக்க வெச்சு புது காருல மாட்டுறவங்க விஷயத்துல மட்டும் கணக்கு தப்பும்). அதான் கார்பார்க்ல கண்ணாடி இடுக்குல ‘கார் வாங்குறோம்’ நேம் கார்டு சொருகிட்டுப் போறாங்களே, அவங்களுக்கு எந்த டேட்டாபேஸும் வேணாம், நடக்க காலு இருந்தா போதும். ஆனா நேம் கார்டு வேற, போன் வேற. போன் நம்பர் பிளேட்ல எழுதியிருக்காது.

“மாமா, எங்கயாவது ஃபார்ம் ஃபில் பண்ணீங்களா?”

“இல்லவே இல்ல.”

“ஃப்ரீ வேல்யுவேஷன்?”

“...அது ஃப்ரீதானடா.”

ஆகஸ்ட் மாசம் ஏதோ ஒரு வெப்சைட்ல ‘உங்க காரு எவ்வளவு போகும்’னு பாக்க வண்டி நம்பர், போன் நம்பர், ஐசியோட (அடையாள அட்டை நம்பரோட) கடைசி நாலு எழுத்து எல்லாம் போட்டிருக்காரு. நாலு எழுத்து எதுக்குன்னா, ஒன்மோட்டரிங்ல ஒரு வண்டிய விட்டா அரசாங்கத்துலருந்து திரும்பக் கிடைக்கிற ரிபேட் எவ்வளவுன்னு பாக்குற இடம் இருக்கு, அங்க வண்டி நம்பரும் ஓனர் ஐசி கடைசி நாலும் போட்டா சிஓஇ முடியுற தேதிலருந்து இன்ஜின் நம்பர் வரைக்கும் வந்துடும். ஓனர் வசதிக்கு வெச்ச கதவு அது. செகண்ட்ஹேண்ட் தொழிலே அதுலதான் ஓடுது, அது இல்லன்னா விலை சொல்ல முடியாது, நான் அதை குத்தம் சொல்லல.

நான் மாமா பேர்ல அந்த சைட்டோட டேட்டா அதிகாரிக்கு ஒரு ஈமெயில் போட்டேன். அந்த 2012 தரவுச் சட்டத்துல 21ஆவது பிரிவுப்படி, என் விவரம் உங்ககிட்ட என்ன இருக்கு, கடந்த ஒரு வருஷத்துல எப்பிடி பயன்படுத்துனீங்க, யாருக்கு கொடுத்தீங்கன்னு கேக்கலாம், பதில் சொல்லணும். இருபத்தாறு நாள் கழிச்சு வந்துச்சு, மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க. பதினாலு டீலருக்கு போயிருக்கு. மாமா டிக் போட்ட பெட்டிக்குப் பக்கத்துல ‘எங்கள் பங்காளர்கள்’னு ஒரு வார்த்தை இருந்திருக்கு, அதுதான் சம்மதம். சட்டத்துக்கு வெளிய எதுவும் நடக்கலன்னு கேட்டதும் மாமா இன்னும் கோவமாயிட்டாரு.

அதாவது மாமா சந்தேகப்பட்ட பதிவேடு பூட்டியேதான் இருந்துச்சு. பூட்டுக்கு வெளிய பதினாலு நகல், போட்டுக் கொடுத்தது அவரு கையே. இதோட லாக் கார்டு (வண்டிப் பதிவு விவரச் சீட்டு) ஸ்கிரீன்ஷாட்ட வாட்ஸ்அப் குரூப்ல அனுப்புறவங்களையும் சேத்துக்கங்க, ஓனர் விவரத்தோட, நாலு பேரு ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு.

அந்த நாலு எழுத்து விஷயத்துல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் உண்டு. 2024 டிசம்பர்ல கம்பெனிகளப் பதிவு பண்ற அக்ராவோட புது பிஸ்ஃபைல் வெப்சைட்ல யாரோட பேரப் போட்டாலும் முழு ஐசி நம்பர் வந்து பெரிய சத்தமாச்சே, 9ஆம் தேதி திறந்து 13ஆம் தேதி தேடல மூடுற வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல தேடல் நடந்துச்சு. ஐசி நம்பர் ஆள அடையாளம் சொல்ற ஒண்ணு, அது ரகசியச் சாவி இல்லன்னு அரசாங்கம் அப்ப சொன்னது நியாயம்தான். பாதி மறைச்சு வெச்சா பாதுகாப்புன்னு நெனைக்கிறதும் பொய்தான், கணக்குப் போட்டுப் பாருங்க: 1968லருந்து இங்க பொறந்தவங்க ஐசில முதல் ரெண்டு இலக்கம் பொறந்த வருஷம், அத பேஸ்புக் பொறந்தநாள் வாழ்த்தே சொல்லிடும். கடைசி மூணு இலக்கமும் எழுத்தும் டீலர் கைல. நடுவுல மிச்சம் ரெண்டே ரெண்டு இலக்கம், நூறு வாய்ப்பு, அதுலயும் செக் எழுத்து சுமார் பத்துல ஒண்ணத்தான் விடும். ஒம்போது பத்து நம்பருக்குள்ள முழு ஐசி. அப்பிடிப்பட்ட நாலு எழுத்த வெச்சு ஒரு வண்டியோட ஜாதகத்தையே திறக்கலாம்னா அது பூட்டு மாதிரி வரைஞ்ச படம்.

என்னக் கேட்டா அந்த ரிபேட் பக்கத்த மூட வேணாம், சிங்பாஸ்ல (அரசாங்கத்தோட டிஜிட்டல் அடையாள ஆப்) ஓனர் ஓகே சொன்னாதான் திறக்கணும்னு வெச்சா போதும். டீலர் தேடட்டும், என் போன்ல டிங்குன்னு ஒரு மெசேஜ் வரட்டும், இன்னார் உங்க வண்டியப் பாக்குறாருன்னு. தொழிலுக்கு ஒரு நிமிஷம் லேட், அவ்ளோதான். இன்ஷூரன்ஸ் தேடல் மாதிரி இருக்கணும், வேலைக்கு எது வேணுமோ அது மட்டும் வந்து மத்தது உள்ளயே நிக்கணும்.

தொழில் பக்கம் நியாயம் இல்லாமயும் இல்ல. ரீகால எடுத்துக்கங்க, தகாத்தா கம்பெனியோட ஏர்பேக் வெடிச்ச விவகாரத்துல உலகம் முழுக்க கோடிக்கணக்கான காரு, ஷோரூம்கிட்ட இருக்கிறது முதல்ல வாங்கினவரோட அட்ரஸ், காரு மூணு கை மாறினப்புறம் இப்ப யாருகிட்ட இருக்குன்னு பதிவேட்டுக்குத்தான் தெரியும். அங்க தனியுரிமை பேசி கடிதத்த நிறுத்தினா ஏர்பேக் முகத்துல வெடிக்கும். ஆனா அதுக்கும் கம்பெனிக்கு என் அட்ரஸ் எதுக்கு, கடிதத்த பதிவேடு வெச்சிருக்கிறவங்களே அனுப்பலாம்ல? அப்புறம் எந்த பிராண்ட் எத்தன வித்துது, மொத்தம் எத்தன எலக்ட்ரிக் ஓடுதுன்னு கேக்குற வியாபாரிக்கு எல்டிஏ மாசாமாசம் புள்ளிவிவரம் போடுது, இலவசம், அதுல எங்க மாமா இல்ல.

மாமா கடைசில காரை ரினியூ பண்ணல, விட்டுடலாம்னு முடிவு பண்ணாரு. மார்ச் மாசம் நானும் கூடப் போனேன், இங்க உபி வட்டாரத்துல ஒரு டீலர். உக்காந்ததும் அந்தப் பையன் டேப்லெட்ட நீட்டி, “அங்கிள், ஐசி கடைசி நாலு?” மாமா கண்ணாடிய மூக்குல இறக்கி அவனப் பாத்தாரு. அப்புறம் தன்னோட போன எடுத்து சிங்பாஸ்ல முகத்தக் காட்டி, ரிபேட் பக்கத்த அவரே திறந்து, போன அவன் பக்கம் திருப்பி வெச்சாரு.

“பாத்துக்கோ தம்பி. போட்டோ எடுக்காத.”

பையன் பேப்பர்ல எழுதிக்கிட்டான். விலை முன்னாடி சொன்னத விட இருநூறு வெள்ளி கம்மியா சொன்னான், மாமா எழுந்திருச்ச மாதிரி பண்ணாரு, நூத்தம்பது ஏத்தினான். கார்பார்க்குக்கு திரும்பி வந்தப்ப கண்ணாடி இடுக்குல ரெண்டு நேம் கார்டு இருந்துச்சு.